எக்சில்டாவின் சர்க்கரை வழக்கு

கிட்வே நகரத்தின் ஒரு ஓரத்தில் இருக்கும் சின்ன உள்ளூர் நீதிமன்றத்தில் எக்சில்டா லோம்பே பதினோரு வருஷமாக எழுத்தர். புருஷன் பெண்டாட்டி சண்டை, அடுத்த வீட்டுக் கோழி காணாமல் போனது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை காணாமல் போனது என்று தினம் ஏழெட்டு வழக்கு வரும். சாட்சி சொல்வதை முத்து முத்தாக எழுதிக்கொண்டே, யார் பொய் சொல்கிறார்கள் என்று நீதிபதிக்கு முன்னால் இவள் முடிவு கட்டிவிடுவாள். "சத்தியமா நான் செய்யலைங்க" என்று ஆரம்பிக்கிற ஆளை அவள் இதுவரை நம்பியதே இல்லை. அதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். பாதிப் பேர் அந்தப் பார்வையிலேயே ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

முப்பத்தேழு வயதில் மூன்றாவது தடவையாக உண்டானாள். ஆறாம் மாதம், கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லி, கையில் ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். தினம் சாப்பிடுவதை அதில் எழுத வேண்டும். சோளக்களி கைப்பிடி அளவுதான். டீயில் சர்க்கரை ஆகாது. பன், கோலா, வறுத்த மாவுருண்டை எதையும் கண்ணால் பார்க்கக்கூடாது.

எக்சில்டா அந்த நோட்டில் முத்து முத்தாகப் பொய் எழுதினாள். "காலை: சர்க்கரை இல்லாத டீ, அவித்த முட்டை ஒன்று" என்று எழுதுகிறபோது முட்டை மட்டும் உண்மை. டீயில் மூன்று கரண்டி கரைந்திருக்கும், இடது கையில் பாதி பன் இருக்கும்.

"அது பன்னுதானே?" என்று அவள் கணவன் எலியஸ் ஒரு நாள் மெதுவாகக் கேட்டான். அவன் மரக்கடையில் கணக்குப் பிள்ளை. சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவன்.

"இது விசாரணையில இருக்கற பொருள். இதப் பத்தி வெளியாள் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு மிச்சப் பன்னையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏழாம் மாதக் கடைசியில், பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது, இப்படியே போனால் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டியபிறகுதான் பயந்தாள். பன்னை விட்டாள். டீயில் மூன்று கரண்டி ஒன்றாயிற்று, அப்புறம் அதுவும் போயிற்று. ஆனால் அதற்குள் அவளுக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. கிளினிக் அட்டையின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் 'இவர் சொல்வதை நம்ப வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

அது ஜூலை மாதம். அந்த ஊருக்கு அதுதான் குளிர்காலம். கொரோனாவின் மூன்றாவது அலை ஊரை ஒரு புரட்டுப் புரட்டிக்கொண்டிருந்தது. நீதிமன்றத்தில் ஒரு தச்சன் முகக்கவசத்துக்குள்ளேயே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். "கழட்டிட்டுத் தெளிவாச் சொல்லுய்யா, ஒண்ணும் கேக்கல" என்று அதட்டியவள் எக்சில்டாதான். அவன் கழற்றினான், தெளிவாகச் சொன்னான், நடுவில் நாலு தடவை தெளிவாக இருமினான். ஆறாம் நாள் எக்சில்டாவுக்குக் காய்ச்சல். பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விரலில் மாட்டுகிற கருவி பிராணவாயு தொண்ணூற்று இரண்டு என்று காட்டியது. எட்டு மாத வயிற்றோடு அவளை அரசு மருத்துவமனையின் தனிமை வார்டில் சேர்த்தார்கள். எலியஸை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகிறவளிடம் அவன் ஒரு துணி மூட்டையை நீட்டினான். "உள்ள பாத்து வெச்சிருக்கேன்" என்று கண்ணைச் சிமிட்டினான். என்னத்தைப் பார்த்து வைத்திருக்கிறான் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

வார்டு என்பது போன வருஷம் வரை நர்சிங் மாணவிகள் சாப்பிட்ட கூடம். கர்ப்பிணிகளுக்கென்று பக்கத்துச் சின்ன அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் ஏற்கனவே மேவிஸ் ஹமூங்கா என்ற டோங்கா இனத்துப் பள்ளி ஆசிரியை படுத்திருந்தாள். ஏழு மாதம், அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் கொரோனா. ஆனால் மூச்சு நன்றாக இருந்தது. சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்கிற சபையைச் சேர்ந்தவள். டீ, காபிகூடத் தொடமாட்டாள். பொய் சொல்வது அவளுக்கு உடம்பிலேயே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் போட்ட ஒரு உருவம் உள்ளே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. நெஞ்சில் மார்க்கர் பேனாவால் 'சிஸ்டர் ஜேரே' என்று எழுதியிருந்தது.

காய்ச்சலில் சுருண்டு கிடந்த எக்சில்டா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஜேரேயா? ங்கோனிப் பொண்ணா நீ?"

"ஆமா."

"ஐயையோ! என்னக் கொண்டாந்து எலி தின்னி கையிலயா ஒப்படைச்சிட்டுப் போனாங்க!"

வெள்ளை உருவம் கட்டிலுக்குக் கிட்டே வந்து குனிந்தது. பிறகு, "நீங்க பெம்பாவா?" என்றது.

"பின்ன?"

"அதானே பாத்தேன். மூச்சு தொண்ணூத்தி ரெண்டு, வாய் மட்டும் நூத்தி இருவது. கொரங்கு தின்ன வாயாச்சே!"

அவ்வளவுதான், இருவருக்கும் உறவு நிலைத்துவிட்டது. எந்தக் காலத்திலோ பெம்பா இனமும் ங்கோனி இனமும் ஈட்டி எடுத்துச் சண்டை போட்டார்கள். சமாதானம் ஆன பிறகு பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் கேலி முறை வந்துவிட்டது. எங்கே சந்தித்தாலும் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி ஏசலாம். இழவு வீட்டில்கூட ஏசலாம். கோபப்படுகிறவர்தான் தோற்றவர். "வாடி மதினி, கையக் காட்டு" என்று ஜேரே ஊசி குத்தினாள். "மெதுவா மதினி, இது எலிப் பொறி இல்ல" என்றாள் எக்சில்டா. மேவிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மூட்டையைப் பிரித்தால், இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சிடெங்கே துணியின் மடிப்புக்குள் ஒரு தேங்காய் பிஸ்கட் பாக்கெட். எலியஸ் பார்த்து வைத்தது அதுதான். எக்சில்டா வாசல் பக்கம் பார்த்தாள். மேவிஸ் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். பட்டென்று ஒன்றை வாயில் போட்டாள். அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொன்று போட்டாள். அதுவும் அட்டை. நாக்கில் ருசியே செத்துப்போயிருந்தது. ஒரு மாதம் கட்டிக் காத்த ஆசைக்கு இப்படி ஒரு முடிவா என்று கண்ணீர் வந்துவிட்டது. பாக்கெட்டை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு அதை மறந்தும் போனாள்.

திங்கட்கிழமை மூச்சு இன்னும் இறங்கியது. மூக்கில் குழாய் மாட்டினார்கள். இளம் மருத்துவர் முண்டியா வந்து ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முகத்தைச் சுருக்கினார், ஃபைலில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். சாயங்காலத்திலிருந்து புதிதாக ஒரு ஊசி ஆரம்பித்தது. "நுரையீரலுக்கு நல்லது" என்று மட்டும் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை ஜேரே விரலில் குத்தி ரத்தத்தை எடுத்து மீட்டரில் வைத்தாள். பார்த்தாள். மீட்டரைத் தட்டினாள். இன்னொரு விரலில் குத்தினாள்.

"பதினாறு புள்ளி எட்டு" என்றாள்.

ஏழுக்குள் இருக்க வேண்டியது. எக்சில்டாவே பயந்துபோனாள். ராத்திரியெல்லாம் தாகம், நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போயிருந்தாள்.

"என்ன சாப்டீங்க?"

"நீ கொடுத்த கஞ்சி. அவரை. தண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா நான் செய்யலை…"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சுருக்கென்றது. ஜேரே கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். எக்சில்டாவின் காதெல்லாம் சூடானது. இப்படித்தான் இருக்குமா அது?

"கிளினிக் அட்டையில செவப்பு மையில எழுதியிருக்கு மதினி, நானும் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு ஜேரே தேட ஆரம்பித்தாள். தலையணை, மூட்டை, செருப்பு, கட்டிலுக்குக் கீழே. கடைசியில் மெத்தையைத் தூக்கினாள். தேங்காய் பிஸ்கட் பாக்கெட் பளபளவென்று கிடந்தது.

"இது என்ன, வேத புஸ்தகமா?"

ஜேரே விடவில்லை. வார்டு ஃபோனில் எலியஸைக் கூப்பிட்டு, ஒலியைப் பெரிதாக வைத்து, "நீங்க என்னென்ன அனுப்புனீங்க, எல்லாம் எனக்குத் தெரியும், நீங்களே சொல்லிடுங்க" என்று ஒரு போடு போட்டாள். அது எக்சில்டாவின் பழைய வித்தை. எலியஸ் அந்த வித்தைக்குப் பத்து வினாடிகூடத் தாங்கமாட்டான்.

"தப்புதான் சிஸ்டர்! பிஸ்கட் நான்தான்! திங்கக்கெழம சுட்ட சக்கரவள்ளிக் கெழங்கும் அனுப்புனேன், செவ்வாக்கெழம வேர்க்கடலையும் வறுத்த மாவுருண்டையும் அனுப்புனேன், அவ பாவம் சிஸ்டர், அவள ஒண்ணும் சொல்லாதீங்க, என்ன வேணா பண்ணுங்க…"

"கெழங்கா? எங்கய்யா வந்துச்சு கெழங்கு?" என்று எக்சில்டா குழாயோடு கத்தினாள்.

"கேட்டுல காவல்காரர்கிட்டதான் குடுத்தேன். நீ சாப்ட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னதாச் சொன்னாரே. உப்பு கொஞ்சம் கம்மின்னுகூடச் சொன்னியாமே."

தூரத்தில் கேட் பக்கமிருந்து காவல்காரர் திருப்தியாக ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

எக்சில்டா தலையணையைச் சாய்த்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் மற்றவர்கள் வழக்கை எழுதியவள் இப்போது தன் வழக்கைத் தானே எடுத்தாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடிந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் தீர்ப்பு மாதிரி விழுந்தது.

"சிஸ்டர் ஜேரே. பிஸ்கட்… எண்ணு."

ஜேரே எண்ணினாள். "பதினாலு."

"பாக்கெட்ல… எத்தன போட்டிருக்கு?"

"பதினாறு."

"ரெண்டு… நான் தின்னது. ஞாயித்துக்கெழம. ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் தொடல. சாட்சி… இருக்கு." மேவிஸ் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா. சொல்லுங்க."

மேவிஸ் போர்வையிலிருந்து தலையை நீட்டினாள். "அவங்க சொல்றது உண்மைதான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரெண்டு. திங்க, செவ்வாய், இன்னிக்குக் காலைல, எப்பவும் பதினாலுதான் இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜேரே.

"எண்ணினேன்."

"எதுக்கு எண்ணினீங்க?"

மேவிஸ் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்ன செய்வாள்? "அவங்க பாத்ரூம் போறப்பல்லாம் மெத்தையத் தூக்கிப் பாத்தேன். ஒண்ணு எடுத்துக்கலாமான்னு இருந்துச்சு. ஆண்டவர் காப்பாத்துனார். எனக்கு ருசி போகல சிஸ்டர். வாசனை இங்க வரைக்கும் வருது!" என்று சொல்லிவிட்டுத் தேம்ப ஆரம்பித்தாள்.

எக்சில்டா சிரிக்கவில்லை. சாட்சி நன்றாக நின்றுவிட்டது. இனி அடுத்த கேள்வி.

"டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு சக்கர எவ்வளவு?"

"ஆறு."

"ஒரே ரூம். ஒரே கஞ்சி. ஒரே அவரை. அவங்களுக்கு ஆறு… எனக்குப் பதினாறு. அவங்களுக்குக் குடுக்காதது… எனக்கு என்ன குடுத்தீங்க?"

கண்ணாடிக்குப் பின்னால் ஜேரேயின் கண் மருந்துத் தட்டைப் பார்த்தது.

"ஊசி" என்றாள் மெதுவாக.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"திங்கக்கெழம சாயங்காலம்."

"செவ்வாக்கெழமயிலேருந்து எனக்குத் தாகம். எழுதிக்க."

ஜேரே கண் வார்டில் வேலை பார்த்தவள். ஆள் பற்றாக்குறை என்று பிடித்து இங்கே போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு நோயாளிக்கு அவளும் இன்னொருத்தியும். அவள் ஃபைலை எடுத்துப் புரட்டினாள். திங்கட்கிழமைப் பக்கம் அதற்கு அடுத்த பக்கத்தோடு கிருமிநாசினி கொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்தாள். மருத்துவரை ஃபோனில் கூப்பிட்டாள். அவர் குரல் களைத்துப்போய் வந்தது.

"திங்கக்கெழமயே எழுதி வெச்சேனே சிஸ்டர். அந்த ஊசி சக்கரைய ஏத்தும். நாலு மணிக்கொரு தடவ பாக்கணும், பத்தத் தாண்டினா இன்சுலின் போடணும்னு. போடலையா?"

"அப்ப அந்த ஊசிய நிறுத்திடுங்க டாக்டர்!" என்று எக்சில்டா குரல் கொடுத்தாள்.

"அம்மா, உங்க நுரையீரலப் பிடிச்சு வெச்சிருக்கறதே அதுதான். நிறுத்தக் கூடாது. கூடவே இன்சுலின் போட்டுச் சக்கரைய எறக்குவோம். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல."

'நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல' என்பதை அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் எக்சில்டா. பிறகு இன்சுலின் போட வயிற்றைக் காட்டினாள்.

ஊசி போட்டு முடித்த ஜேரே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மதினி, மன்னிச்சிடுங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"வாயால சொன்னா எங்க கோர்ட்டுல செல்லாது. ங்கோனி வந்து பெம்பா முன்னாடி… மண்டி போட்டுக் கை தட்டணும். டீச்சரம்மா சாட்சி."

ஜேரே மண்டி போட்டாள். கவச உடை நெறுநெறுவென்று சத்தம் போட்டது. மரியாதைக்குக் கை தட்டினாள். இரண்டு அடுக்கு ரப்பர் உறை போட்ட கை சளப் சளப் என்றது. அதற்குள் கண்ணாடியில் ஆவி பிடித்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தால் எது கட்டில், எது சுவர் என்றே தெரியவில்லை. குருட்டுக் கோழி மாதிரி தரையில் துழாவினாள். மேவிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தாள், அவளும் வழுக்கி ஜேரே மடியில் உட்கார்ந்தாள்.

எக்சில்டாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. விரலில் இருந்த கருவி கீ கீயென்று அலறியது, எண்பத்தாறு. ஒரு நொடியில் ஜேரே எங்கிருந்து எழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று தெரியாது, பக்கத்தில் இருந்தாள். இடது பக்கம் சாய்த்தாள், பிராணவாயுவைக் கூட்டினாள், "மூக்கால இழுங்க, மூக்கால இழுங்க" என்று முதுகைத் தடவினாள். பத்து நிமிஷம் போய் எண் மெல்ல மேலே ஏறியது. வயிற்றுக்குள் பிள்ளை ஓர் உதை விட்டது. மூன்று பேரும் அந்த உதையை ஆடைக்கு மேலேயே பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அறையில் சிரிப்புக்குத் தடை. ஏச்சுக்கும் தடை. அடுத்த இரண்டு நாள் ஜேரே வரும்போதெல்லாம், "எப்படிம்மா இருக்கீங்க? கொஞ்சம் கையைக் காட்டுறீங்களா? நன்றிம்மா" என்று பூப்போலப் பேசினாள்.

அப்போதுதான் எக்சில்டாவுக்கு உண்மையான பயம் வந்தது. மூச்சு முட்டியபோதுகூட வராத பயம். ஒரு ங்கோனி பெம்பாவிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் என்றால் தான் சாகப்போகிறோம் என்பதுதான் அர்த்தம். கூடத்திலிருந்து அன்று காலை ஒரு கட்டிலைக் காலியாக்கித் துடைத்திருந்தார்கள். அதையும் அவள் பார்த்திருந்தாள். எலியஸுக்கு ஃபோன் போட்டு, பையன்களின் பள்ளிச் சீருடை எந்தப் பெட்டியில் இருக்கிறது, பெரியவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான், கடைசியில், "இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீ வந்து எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டு அழுதான். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலை ஜேரே வந்தாள். கருவியைப் பார்த்தாள்: தொண்ணூற்று ஐந்து. விரலில் குத்தினாள்: ஏழு புள்ளி ஒன்று. மேவிஸ் அன்று ஓய்வுநாள் பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மொகத்த இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றாள் ஜேரே. "மரத்துலேருந்து தவறி விழுந்த கொரங்கு மாதிரி."

எக்சில்டா அவளை உற்றுப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லு."

"கொரங்கு."

எக்சில்டா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிரிக்கத்தான் தடை, அழக்கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, போய் உன் பொந்துல எலி இருக்கான்னு பாரு" என்றாள். அன்று மதியம் கைப்பிடிக் களியை முழுதாகச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஊசி தொடர்ந்தது, இன்சுலின் தொடர்ந்தது. நாலு மணிக்கொரு தடவை விரல் குத்தல். பத்து விரலும் சல்லடை. பிஸ்கட் பாக்கெட்டை மேவிஸ் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேட்டில் காவல்காரரை மாற்றிவிட்டார்கள். மேவிஸ் முதலில் வீட்டுக்குப் போனாள், நாலு நாள் கழித்து எக்சில்டாவும் போனாள். அதன்பிறகு நோட்டில் அவள் எழுதியதெல்லாம் உண்மை. ஒரு நாள் அரைப் பன் சாப்பிட்டுவிட்டு 'அரைப் பன்' என்றே எழுதினாள். எலியஸைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள்.

ஆகஸ்ட் மாதம், நாள் நெருங்கியதும், பிரசவ வார்டில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ எண்ணூறு. தோள் எங்கேயும் மாட்டவில்லை. பிறந்த மறு நிமிஷம் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். "பொறந்ததும் பொறக்காததுமா அவளையும் விசாரிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று எக்சில்டா கத்தினாள். எண் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை பால் கொடுத்தால் போதும் என்றார்கள்.

மறுநாள் முற்பகல், பச்சைப் பூப்போட்ட சட்டையும் முகக்கவசமுமாக ஒரு சின்னப் பெண் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாள். யாரோ மாணவி என்று நினைத்து, "ஏம்மா, அந்தத் தண்ணிய எடு" என்றாள் எக்சில்டா. எடுத்துக் கொடுத்தாள். "சன்னலச் சாத்து." சாத்தினாள். "அந்தத் தலையணைய…"

தலையணையையும் சரி பண்ணிவிட்டு அந்தப் பெண் குனிந்து தொட்டிலைப் பார்த்தாள். "பொண்ணுக்கு வால் இருக்கா, இல்ல ஆஸ்பத்திரியிலயே வெட்டிட்டாங்களா?" என்றாள்.

எக்சில்டா சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் குரலை அவளுக்கு எங்கே கேட்டாலும் தெரியும். ஆனால் அந்த வெள்ளைக் கவசத்துக்குள் ஓர் ஆறடிப் பொம்பளை இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். "நீயா? இத்தினியூண்டா? இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா என்னப் பொரட்டிப் போட்ட?"

"எலி தின்னா பலம் வரும் மதினி."

எக்சில்டா குழந்தையின் துணியைப் பிரித்து, திருப்பிக் காட்டினாள். "பாத்துக்க. வால் இல்ல." தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

ஜேரே கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். அவளுக்கு அன்று விடுமுறை. நாலு மாதமாக உறை போட்ட கையால்தான் மனிதர்களைத் தொட்டிருக்கிறாள். வெறும் கையில் குழந்தையின் தலை சூடாக இருந்தது. ஆட்டிக்கொண்டே நின்றாள். பேச்சு நின்றதும் எக்சில்டா கண் அயர்ந்துவிட்டாள்.

மதியம் எலியஸ் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தான். மனைவி வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அவன் மகளை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மதினி" என்றாள் அவள்.

எலியஸ் பாத்திரத்தைத் திறந்து, களியில் பாதியை மூடியில் எடுத்து வைத்து, நெத்திலிக் குழம்பை ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சாப்பிட ஆரம்பித்தாள்.